இருபத்தேழாவது பல்

என் அப்பா நாற்பத்து மூன்று ஆண்டுகள் பல்செட் செய்தார். நான் பத்தொன்பது ஆண்டுகளாகப் பழரச பாட்டில்களில் வைட்டமின் சி எவ்வளவு இருக்கிறது என்று அளந்துகொண்டிருக்கிறேன். வாயைப் பற்றித் தெரிந்த ஒருவரும் வைட்டமினைப் பற்றித் தெரிந்த ஒருத்தியும் இருந்த குடும்பத்துக்குள் ஸ்கர்வி என்ற நோய் வந்து எட்டு மாதம் சாவகாசமாக உட்கார்ந்திருந்தது. வைட்டமின் சி இல்லாததால் மட்டுமே வரும் நோய் அது. அதைப் பெட்டி பெட்டியாகச் சுமந்து, இரண்டு மாடி ஏறி, மூச்சு வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டு வந்தது நான்.

அப்பா இறந்து ஏழு வாரம் ஆகிறது. அந்த நோயால் அல்ல. இதயம். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா என்று மருத்துவரிடம் மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் இல்லை என்றார். எங்கள் ஆய்வகத்தில் எதையும் மூன்று முறை அளந்துதான் சராசரி எடுப்போம். நான்காவது முறை கேட்கப் போனபோது அவர் அறையில் இல்லை. ஒளிந்துகொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

அப்பாவைப் பற்றி எழுத வேண்டுமென்றால் பல்லிலிருந்துதான் தொடங்க வேண்டும். அவர் மனிதர்களைப் பார்த்ததே அந்த வழியாகத்தான்.

கீழே பழக்கடை, அதற்கு மேல் தையல்காரர் வீடு, அதற்கும் மேலே நாங்கள். இரண்டு அறைகள். தெருவைப் பார்த்த முன்னறை அப்பாவின் பட்டறை. ஜன்னலோரம் நீளமான மேசை, அதன் ஓரத்தில் மெருகேற்றும் மோட்டார், மெழுகு உருக்கும் விளக்கு, பிளாஸ்டர் மூட்டை, நிறம் நிறமாகப் பற்கள் அடுக்கிய சின்னச் சின்ன இழுப்பறைகள். பின்னறையில் நாங்கள் மூவரும் வாழ்ந்தோம். சாப்பாட்டில் பிளாஸ்டர் தூள் விழாத நாள் கிடையாது. கால்சியம் நல்லதுதான் என்பார் அம்மா. வீட்டின் முதல் உணவு விஞ்ஞானி அவர்தான். அவர் செய்த தவறு என்னுடையதைவிடச் சிறியது.

பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அளவு எடுத்து அனுப்புவார்கள். அளவு என்பது, குழைத்த மாவை ஒரு தட்டில் வைத்து வாய்க்குள் அழுத்தி, அது இறுகியதும் எடுப்பது. அந்தப் பள்ளத்தில் அப்பா பிளாஸ்டரை ஊற்றினால் வாயின் அச்சு கிடைக்கும். அதன் மேல்தான் செட் கட்ட வேண்டும். ஆட்களை அப்பா பெரும்பாலும் பார்த்ததே இல்லை. ஆனால் தெருவில் யாராவது சிரித்துவிட்டால் நின்றுவிடுவார்.

"அந்த மேல்வரிசை என்னோடது."

"அப்பா, சத்தமா சொல்லாதீங்க."

"ரெண்டாவது பல்லைக் கொஞ்சம் கோணலா வச்சேன் பாரு. நேரா வச்சா பொய்னு தெரிஞ்சுடும்."

கல்யாண வீட்டில் எல்லோரும் மணமக்களைப் பார்ப்பார்கள். அப்பா பந்தியைப் பார்ப்பார். யார் எந்தப் பக்கமாக மெல்லுகிறார்கள், யார் கடிக்காமல் விழுங்குகிறார்கள் என்று கவனித்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் நோட்டில் எழுதுவார்.

இவ்வளவு பேருக்குச் செய்தவருக்குத் தன் தொழிலின் மேல் இருந்த நம்பிக்கை எவ்வளவு என்றால், "எல்லாரையும் மாதிரி நானும் ஒருநாள் போய்ச் சேருவேன். ஆனா போறப்ப வாயில இருக்கறது அத்தனையும் என் சொந்தப் பல்லா இருக்கணும்" என்பார். நான் கேலி செய்திருக்கிறேன். சமையல்காரர் தன் சமையலைச் சாப்பிட மாட்டேன் என்கிற மாதிரி இருக்கிறதே என்று.

"நான் செஞ்ச செட்டைப் போட்டுக்கிட்டு ஆப்பிள் கடிக்கறவங்க மூஞ்சியைப் பாத்திருக்கேம்மா. போதும்."

அறுபத்தெட்டு வயதில் அவரிடம் இருபத்தேழு சொந்தப் பற்கள் இருந்தன. மேலே பதினான்கு, கீழே பதின்மூன்று. யார் கேட்டாலும் சொல்வார். யாரும் கேட்காவிட்டாலும் சொல்வார். தெருவில் அவருக்குப் பெயரே பல்லுக்காரர்தான். செய்கிற பல்லுக்காகவா, வைத்திருக்கிற பல்லுக்காகவா என்பது தெளிவில்லை.

அம்மா இறந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. நான் கல்யாணமாகி, பஸ்ஸில் நாற்பது நிமிடத் தொலைவில் இருந்தேன். அப்பா தனியாகச் சமைத்துக்கொண்டார். சமையல் என்றால் சோறு, முட்டை, பால், ரொட்டி. கூடவே, கீழே இறங்கிப் பழக்கடை அக்காவிடம் தினம் இரண்டு ஆரஞ்சு, ஒரு தக்காளி. அந்த இரண்டு ஆரஞ்சும் ஒரு தக்காளியும்தான் அவரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தன என்று அப்போது யாருக்கும் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய ஒருத்தி இருந்தாள். அவள் வேறு யோசனையில் இருந்தாள்.

அந்த யோசனையைச் சொல்லிவிடுகிறேன். தொழிற்சாலையில் தயாராகும் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் சில பாட்டில்களைக் காப்பு மாதிரியாக எடுத்து வைப்போம். பின்னால் யாராவது புகார் சொன்னால் திறந்து பார்க்க. காலாவதித் தேதி முடிந்து, அதன் பிறகும் ஆறு மாதம் வைத்திருந்துவிட்டு ஒழிப்போம். ஒழிப்பது என்றால், விருப்பப்பட்ட ஊழியர் எடுத்துப் போகலாம். வைத்திருக்கும் அறை கொதிகலனுக்குப் பக்கத்தில் இருப்பதால் எப்போதும் சுடும். கிருமி இருக்கிறதா, புளித்திருக்கிறதா, மூடி பிதுங்கியிருக்கிறதா என்று எல்லாம் பார்த்துத்தான் எடுத்தேன். குடித்தால் ஆபத்தில்லை. அப்பா தனியாக இருக்கிறார், நாம் அடிக்கடி போகவும் முடிவதில்லை, பழரசமாவது குடிக்கட்டும். மாதம் இருபத்து நான்கு பாட்டில்கள். அடிக்கடி போகாததற்கு ஈடாக நான் கண்டுபிடித்த முறை அது.

காலாவதியான பாட்டிலில் வைட்டமின் சி எவ்வளவு இருக்கும் என்று நான் அளக்கவில்லை. காலாவதியானதை யாரும் அளப்பதில்லை. லேபிளில் எழுதிய அளவு, லேபிளில் எழுதிய தேதி வரைக்கும்தான் எங்கள் பொறுப்பு. என் மேசைக்கு எதிர்ச் சுவரில் ஒரு வரைபடம் மாட்டியிருக்கிறது: நாளாக ஆக, சூடு கூடக் கூட, வைட்டமின் எப்படி இறங்குகிறது என்று. நானே வரைந்தது. தினமும் அதன் கீழே உட்கார்ந்துதான் மதிய உணவு சாப்பிடுகிறேன்.

நான்காவது மாதம் அப்பா மாடி ஏற முடியவில்லை என்றார். வயசு, என்றேன். ஐந்தாவது மாதம் முழங்காலுக்குக் கீழே நீல நீலமாகக் கன்றல்கள். மேசைக்கால் இடித்தது என்றார். சரி, என்றேன். மயிர்க்கால்களைச் சுற்றிச் சிவப்புப் புள்ளிகள். கொசு, என்று தீர்ப்பு வழங்கினேன். எனக்கு முதுகலைப் பட்டம் இருக்கிறது.

ஆறாவது மாதம் ஈறு வீங்கி ரத்தம் கசிந்தது. இங்கேதான் அப்பா தன் பங்குக்குத் தவறு செய்தார். வாய் என்றால் அவர் ராஜ்யம். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேர்கிற கடி சரியில்லை, ஏதோ ஒரு பல் உயரமாக இருக்கிறது, அதனால்தான் ஈறு நோகிறது என்று முடிவு கட்டினார். கண்ணாடியில் பார்த்துத் தானே உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டார். பல் டாக்டரிடம் போங்கள் என்றேன்.

"டாக்டருங்களுக்கே நான்தான் பல் செஞ்சு குடுக்கறேன். அவங்க எனக்கு என்ன சொல்லப் போறாங்க?"

"அப்ப நானே ஒருநாள் வந்து கூட்டிட்டுப் போறேன். ஃபேக்டரியில இந்த ஆடிட் முடியட்டும்."

"ஆடிட் முடியட்டும்மா. எனக்கென்ன அவசரம், பல்லு எங்க ஓடிடப் போகுது?"

ஏழாவது மாதக் கடைசியில் ஓடிவிட்டது. கீழ்வரிசையில் முன்பல் ஒன்று. ரொட்டி கடிக்கும்போது விழுந்துவிட்டது என்று தொலைபேசியில் சொன்னார். ரொட்டிதான் கெட்டியாக இருந்திருக்கும் என்றேன் நான். பாலில் ஊறவைத்துச் சாப்பிடுகிறவர் ரொட்டி கடித்துப் பல் எப்படி விழும் என்று கேட்கத் தோன்றவில்லை.

இருபத்தாறு.

அதற்குப் பிறகுதான் கூட்டிப் போனேன். அப்பாவிடம் இருபது ஆண்டுகளாக வேலை கொடுக்கிற பல் டாக்டர். விளக்கை வாய்க்குள் திருப்பினார், ஒவ்வொரு பல்லாக ஆட்டிப் பார்த்தார். நான்கு பற்கள் சாவி போலத் திரும்பின.

"இந்த நாலையும் எடுத்துடலாம். வர்ற சனிக்கிழமை காலியா இருக்கேன். மத்ததும் ஒரு வருஷம் தாங்கினாலே பெருசு."

"எடுத்துட்டு?" என்றார் அப்பா.

"செட் போட்டுக்கலாம்."

"யார் செய்வா?"

டாக்டர் கொஞ்சம் யோசித்தார். "நீங்கதான்."

"நான் செய்யற செட் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும் டாக்டர்."

மூவரும் சிரித்தோம். படி இறங்கும்போது அப்பா சிரிக்கவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். தெருவுக்கு வந்ததும், "வாயைக் கட்டிக் காப்பாத்தினேன்னு ஊரெல்லாம் பேசிட்டேன், இல்ல?" என்றார். அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை நான் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். மறுநாள் பல் எடுத்த பிறகு குடிக்க ஏதாவது இருக்கட்டும் என்று கையில் இன்னும் ஒரு பெட்டி பழரசம். கீழே பழக்கடையில் பெட்டியை இறக்கி வைத்து மூச்சு வாங்கினேன். பழக்கடை அக்கா தக்காளியைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன தங்கச்சி, நாளைக்கு அப்பாவுக்குப் பல்லு எடுக்கறாங்களாமே?"

"ஆமாக்கா. வயசாச்சு இல்ல?"

"வயசு என்ன வயசு? என்கிட்ட பழம் வாங்கிட்டு இருந்தவரைக்கும் ஆப்பிளை அப்படியே கடிச்ச மனுஷன்."

"இப்ப வாங்கறதில்லையா?"

அக்கா துடைப்பதை நிறுத்தினார். "நல்லாக் கேட்டீங்க போங்க. நீங்க பெட்டி பெட்டியா ஜூஸ் கொண்டாந்து இறக்கினதுக்கப்புறம் என் கடை எதுக்கு? 'எம்பொண்ணு லேப்ல வைட்டமின் எல்லாம் அளந்து கொண்டாறா, உன் ஆரஞ்சுல எவ்வளவு இருக்குன்னு உனக்குத் தெரியுமா'ன்னு என்னையே கேக்கறாரு. எனக்கு ஒரு மாசம் கோவம்கூட இருந்துச்சு."

"ஒரு பழம்கூடவா வாங்கல?"

"எட்டு மாசமா ஒரு எலுமிச்சம்பழம்கூட இல்ல. ஆனா ஜூஸை மட்டும் தினம் விடாம குடிக்கறாரு. ஜன்னல்ல நின்னு மூக்கைப் பிடிச்சுக்கிட்டுக் குடிப்பாரு, பிள்ளைங்க கஷாயம் குடிக்குமே அந்த மாதிரி. பிடிக்கலைன்னா விட்டுடுங்களேன்னேன். 'பொண்ணு தூக்கிட்டு வர்றாளே'ன்னாரு."

நான் தக்காளியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எட்டு மாதம். சோற்றில் வைட்டமின் சி கிடையாது. முட்டையில் கிடையாது. காய்ச்சிய பாலில் பெயருக்குத்தான். ரொட்டி மாவில் ரொட்டித் தொழிற்சாலைக்காரர்களே கொஞ்சம் போடுவார்கள், மாவு நன்றாக எழும்ப. அடுப்புக்குள் போனதும் அது காலி. மாடி ஏற முடியாதது, நீலக் கன்றல், மயிர்க்காலில் புள்ளி, ஈறு, பல். என் முதலாண்டுப் பாடப்புத்தகத்தில் இதே வரிசையில் அச்சிட்டிருந்தார்கள். நான் அடிக்கோடு போட்டிருந்தேன்.

மேலே ஓடினேன். பெட்டி கீழேயே கிடந்தது.

கதவைத் திறந்ததும் ஜன்னலைப் பார்த்தேன். எத்தனையோ தடவை பார்த்த ஜன்னல்தான். பதினைந்து இருபது பாட்டில்கள் வெயிலில் வரிசையாக, மஞ்சள் பழுப்பாகி நின்றன. அழகாக இருக்கிறது என்று நானே ஒருமுறை சொல்லியிருக்கிறேன். அப்பா பின்னறையில் அடுப்பருகே இருந்தார். அடுப்பில் ஒரு செம்புப் பாத்திரம். அதில் பழரசம் பொங்கிக்கொண்டிருந்தது.

"என்னப்பா பண்றீங்க?"

"சில்லுன்னு குடிச்சா பல்லு கூசுதும்மா. மொதல்லேர்ந்தே காய்ச்சி வெதுவெதுன்னுதான் குடிக்கறேன்."

"எவ்வளவு நேரம்?"

"நல்லா பொங்கணும்ல? கிருமி சாகணுமே. உனக்குத் தெரியாததா?"

"இந்தப் பாத்திரத்துலயா? தினமுமா?"

"செம்பு உடம்புக்கு நல்லதும்மா."

சூடு, காற்று, வெளிச்சம், காலம். வைட்டமின் சி-யை அழிக்க இவை நான்கும் போதும். ஐந்தாவதாகத் தாமிரம் சேர்ந்தால் வேலை பல மடங்கு விரைவாக முடியும். இதை நான் உறுதியாகச் சொல்ல முடியும், ஏனென்றால் என் பட்ட ஆய்வே அதுதான்: பழரசத்தில் வைட்டமின் சி அழிவதில் தாமிரத்தின் பங்கு. நூற்று நாற்பது பக்கம், கெட்டி அட்டை, பொன்னிற எழுத்து. ஒரு பிரதியை அப்பாவுக்குக் கொடுத்திருந்தேன். அது முன்னறையிலேயேதான் இருந்தது. மெருகேற்றும் மோட்டார் ஆடாமல் இருக்க அதன் அடியில் வைத்திருந்தார். நன்றாகத் தாங்குகிறது என்று பெருமையாகச் சொல்வார்.

"சட்டையை மடிச்சு விடுங்க. கையைக் காட்டுங்க."

முப்பது ஆண்டுகளுக்கு முன் மோட்டார் சக்கரம் கிழித்த தழும்பு அவர் முன்கையில் உண்டு. எனக்குப் பத்து வயது அப்போது. எட்டுத் தையல். அந்தத் தழும்பு இப்போது ஓரத்தில் பிளந்து ஈரமாக இருந்தது. துணி கட்டி மறைத்திருந்தார்.

ஒரு தழும்பு ஒருமுறை மூடிவிட்டால் முடிந்த கதை அல்ல. சதையையும் தோலையும் ஈறையும் பல்லையும் பிடித்து வைத்திருப்பது கொலாஜன் என்ற நார். மூன்று இழை முறுக்கிய கயிறு மாதிரி. முறுக்கு அவிழாமல் இருக்க வைட்டமின் சி வேண்டும். உடம்பு இந்தக் கயிற்றை ஓயாமல் பிரித்துப் புதிதாகத் திரித்துக்கொண்டே இருக்கிறது. தழும்பில் இன்னும் சுறுசுறுப்பாக. வைட்டமின் நின்றால் திரிப்பது நிற்கும், பிரிப்பது நிற்காது. அப்போது முப்பது ஆண்டுக் காயம் நேற்றுப் பட்டது போலத் திறந்துகொள்ளும். ஆட்டுக்கு இந்தக் கவலை இல்லை. அதன் கல்லீரலே தேவையானதைத் தயாரித்துக்கொள்ளும். நாய், பூனை, எலி, எல்லாவற்றுக்கும் அந்த வசதி உண்டு. நமக்கு அந்த மரபணு எப்போதோ பழுதாகிவிட்டது. அதனால் நமக்கு வெளியிலிருந்து யாராவது கொண்டுவந்து கொடுக்க வேண்டும். எலிக்கு மகள் தேவையில்லை. அப்பா எலியாக இருந்திருந்தால் தப்பித்திருப்பார்.

பொங்கியதில் கொஞ்சத்தைச் சுத்தமான சீசாவில் ஊற்றி, வெளிச்சம் படாமல் கறுப்புத் தாளில் சுற்றிப் பையில் வைத்தேன். மாதக்கணக்கில் வெயிலில் நின்றதை நாற்பது நிமிடம் பஸ்ஸில் நிழலிலேயே வைத்துக் காப்பாற்றி ஆய்வகத்துக்குக் கொண்டுபோனேன். மாடி இறங்கும்போதே பழக்கடை அக்காவிடம் ஓர் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டிருந்தேன்.

"அப்பாவுக்கா?"

"லேபுக்கு."

"அங்கேயும் ஒண்ணும் கிடைக்கறதில்லையா?" என்றார் அக்கா.

எங்கள் சோதனை எளிமையானது. பழச்சாற்றில் நீலச் சாயத்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். வைட்டமின் சி இருக்கும்வரை விழுகிற சாயத்தை அது நிறமிழக்கச் செய்துகொண்டே இருக்கும். தன்னைக் கொடுத்து நிறத்தைத் தின்னும். அது தீர்ந்ததும் அடுத்த சொட்டு இளஞ்சிவப்பாக நிற்கும். எத்தனை சொட்டு தாங்கியதோ அவ்வளவு வைட்டமின். முதலில் ஆரஞ்சைப் பிழிந்து வைத்தேன். சொட்டு விழுந்தது, மறைந்தது, விழுந்தது, மறைந்தது. கை வலிக்கும்வரை தாங்கியது.

பிறகு அப்பாவின் பழரசம். முதல் சொட்டு விழுந்தது. இளஞ்சிவப்பாக நின்றது.

குலுக்கினேன். நின்றது. சாயம் கெட்டுவிட்டதோ என்று புதிதாகக் கரைத்தேன். கருவியைக் கழுவினேன். மூன்று முறை செய்தேன். மூன்று முறையும் முதல் சொட்டே நின்றது. மனிதருக்கு ஸ்கர்வி வராமல் இருக்க ஒரு நாளைக்கு வேண்டியது பத்து மில்லிகிராம். நகக்கண்ணில் ஒட்டுகிற அளவு. அதைக்கூட நான் சுமந்து கொண்டுபோய்க் கொடுக்கவில்லை.

சாயங்காலம் திரும்பி வந்தேன். அப்பா சட்டை மாற்றி, மறுநாளைக்கு வேண்டிய துண்டை மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அப்பா, அந்த ஜூஸ்ல ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லன்னா?"

"வைட்டமின் இல்ல. எல்லாம் போயிடுச்சு. நீங்க எட்டு மாசமா குடிச்சது சர்க்கரைத் தண்ணி. உங்களுக்கு ஈறுல ஒண்ணும் இல்லப்பா. பழம் சாப்பிடாததாலதான். என்னாலதான்."

அவர் ஜன்னலில் இருந்த ஒரு பாட்டிலை எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, லேபிளைப் படித்தார். "முப்பது மில்லிகிராம்னு போட்டிருக்கே?"

"அது அப்ப இருந்தது."

"யார் அளந்து போட்டது?"

"நான்தான்."

கொஞ்ச நேரம் பாட்டிலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவர் முகம் மெதுவாக மலர்ந்தது.

"அப்ப நாளையிலேர்ந்து இதைக் குடிக்க வேண்டாமா?"

"வேண்டாம்ப்பா."

"சத்தியமா?"

"சத்தியமா."

"அப்பாடா," என்றார்.

பல் டாக்டரைத் தொலைபேசியில் அழைத்துச் சனிக்கிழமையை ரத்து செய்தேன். இரண்டு வாரம் பொறுங்கள் என்று கெஞ்சினேன். அந்தச் சனிக்கிழமை காலை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கிருந்த மருத்துவர் ஸ்கர்வியைப் படத்தில் மட்டும்தான் பார்த்தவர். சந்தோஷத்தை மறைக்கத் தெரியாமல் இன்னும் நான்கு பேரைக் கூப்பிட்டு வந்தார். ஐந்து பேரும் அப்பாவின் வாயை எட்டிப் பார்த்தார்கள். அப்பாவுக்கும் சந்தோஷம்.

"நாப்பது வருஷமா நான் மத்தவங்க வாயைப் பாத்தேன். இன்னிக்கு வட்டியோட திருப்பித் தர்றாங்க."

மருத்துவர் எழுதிக்கொண்டே கேட்டார். "வீட்டுல சாப்பாட்டைப் பத்தி எடுத்துச் சொல்ல, படிச்சவங்க யாராச்சும் இருக்காங்களா?"

"எம்பொண்ணு இருக்காளே," என்று அப்பா என் தோளைத் தட்டினார். "அவளுக்கு வைட்டமின் சி-யிலதான் உத்தியோகம். பத்தொம்போது வருஷமா."

மருத்துவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்து எழுதினார். சீட்டை வாங்கும்போது படித்தேன். காரணம்: குடும்பத்தில் உணவு பற்றிய விழிப்புணர்வின்மை. அந்தச் சீட்டை இன்னும் வைத்திருக்கிறேன். என் தகுதிச் சான்றுகள் இருக்கும் கோப்பில்.

மாத்திரையும் ஆரஞ்சும். மூன்றாம் நாள் ரத்தம் கசிவது நின்றது. இரண்டாம் வாரம் படியேறி வந்து, ஏறி வந்ததைச் சொல்ல மறுபடியும் கீழே போய்ப் பழக்கடை அக்காவிடம் சொல்லிவிட்டு வந்தார். தழும்பு மூடியது. ஆடிக்கொண்டிருந்த நான்கில் மூன்று பற்கள் இறுகின. நான்காவது கொஞ்சம் ஆடும். அதை நாக்கால் தொட்டுப் பார்ப்பதே அவருக்குப் பொழுதுபோக்காகிவிட்டது. பல் டாக்டர் விளக்கைத் திருப்பிப் பார்த்துவிட்டு, எடுக்க ஒன்றும் இல்லை என்றார். ஒரு செட் ஆர்டர் போச்சே என்றார் அப்பா.

நான் அதன் பிறகு வாரம் இரண்டு முறை போனேன். கையில் எதுவும் கொண்டு போகவில்லை. கீழே வாங்கிக்கொள்வேன். அக்கா என்னைப் பார்த்ததும் ஆரஞ்சை எடுத்து நீட்டி, "அளந்து பாத்து வாங்கிக்கோங்க தங்கச்சி" என்பார். அப்பா அதை எனக்கு எதிரிலேயே உரித்து, சுளை சுளையாக, மூக்கைப் பிடிக்காமல் சாப்பிடுவார். ஏழு மாதம் அப்படிப் போனது. ஒருநாள் காலையில் மேசையில் உட்கார்ந்து ஒரு செட்டுக்கு மெருகேற்றிக்கொண்டிருந்தபோது இதயம் நின்றது. தையல்காரர்தான், மோட்டார் சத்தம் வெகுநேரமாக நிற்கவில்லையே என்று மேலே வந்து பார்த்தார்.

அவர் வாயை மூட நான்தான் உதவினேன். அப்போது எண்ணினேன். அழுதுகொண்டே எண்ணியதால் ஒருமுறை இருபத்தைந்து வந்தது. மறுபடியும் எண்ணினேன். இருபத்தாறு. எல்லாம் சொந்தம்.

போன வாரம் பட்டறையை ஒழித்தேன். மோட்டாரைத் தூக்கி என் ஆய்வேட்டை எடுத்தேன். நடுவில் வட்டமாக எண்ணெய்க் கறை. மேசைக்குக் கீழே கடைசி இழுப்பறையில், துணியில் சுற்றி, பிளாஸ்டர் அச்சுகள் இருந்தன. பெயர் எழுதாதவை. புரட்டினால் அடியில் பென்சிலில் தேதி மட்டும். முதல் தேதி, ஈறு நோகிறது என்று அவர் சொன்ன வாரம். அவர் தன் வாயையே அளவு எடுத்து வைத்திருந்தார். முதலில் பத்து நாளைக்கு ஒன்று. நோய் தெரிந்த பிறகு மாதம் ஒன்று.

மேசையில் வரிசையாக அடுக்கினேன். ஈறு ஒவ்வோர் அச்சிலும் கொஞ்சம் கொஞ்சமாக உப்பிக்கொண்டே வந்து, பற்களுக்கு இடையில் மொட்டுவிட்டு நின்றது. என் சுவரில் மாட்டியிருக்கும் வரைபடத்தைவிட நல்ல ஆவணம். என்னிடம் பாட்டிலுக்குக் கணக்கு இருந்தது. அவர் தன் வாய்க்கு வைத்திருந்தார். இரண்டும் ஒரே மேசையில் ஒருநாளும் சேரவில்லை. மூன்றாவது அச்சின் அடியில் தேதிக்குக் கீழே எழுதியிருந்தார்: மகளிடம் காட்டலாம். ஆடிட் முடியட்டும்.

ஐந்தாவது, கீழ்வரிசை. வெள்ளைப் பிளாஸ்டரில் பன்னிரண்டு பற்கள். முன்னால் ஒன்று மட்டும் மஞ்சளாக இருந்தது. அழுக்கு என்று விரலால் தேய்த்தேன். போகவில்லை. நிஜப் பல். ரொட்டியில் விழவில்லை. ஆடுகிற பல்லோடு மாவை அழுத்தி அளவு எடுத்திருக்கிறார். தட்டை இழுத்தபோது பல்லும் கூடவே வந்திருக்கிறது. இந்தத் தொழிலில் முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுப்பார்கள், ஆடுகிற பல்லில் அளவு எடுக்காதே என்று. நாற்பத்து மூன்று ஆண்டு அனுபவம். வெட்கப்பட்டுக்கொண்டு என்னிடம் ரொட்டியின் மேல் பழி போட்டிருக்கிறார். பல்லைப் பிடுங்கி எறியவும் மனம் வரவில்லை போலும். அது இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று அதன் மேலேயே பிளாஸ்டரை ஊற்றியிருக்கிறார்.

அந்த அறையில் உட்கார்ந்து வெகுநேரம் சிரித்தேன். ஒரே குடும்பம் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

கடைசி அச்சு, அவர் இறப்பதற்கு எட்டு நாள் முன்பு எடுத்தது. ஈறு கூர்மையாக, இறுக்கமாக, ஒவ்வொரு பல்லையும் சுற்றிப் பிடித்திருந்தது. அடியில் எழுதியிருந்தது ஒரே வார்த்தை: நன்று. அந்த வார்த்தையை அவர் தன் வேலையைப் பற்றிச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

ஐந்தாவதையும் கடைசியையும் ஆய்வகத்துக்கு எடுத்து வந்து, வரைபடத்துக்குக் கீழே என் மேசையில் வைத்திருக்கிறேன். இன்று புதிதாகச் சேர்ந்த ஆய்வாளர் மதிய உணவின்போது எட்டிப் பார்த்தார்.

"என்ன மேடம் இது? பல்செட்டா?"

"இல்ல. எங்க அப்பா."

"நல்லா செஞ்சிருக்காங்க. இந்த ஒண்ணு மட்டும் நிஜப் பல்லு மாதிரியே இருக்கே."

"நிஜம்தான்," என்றேன். "எல்லாமே அவரோட சொந்தப் பல்லு."